பட்டியல் முதலில்: அடுத்த பெருந்தொற்றுக்கு ஒரு வன்னிக் கிராமம் ஆயத்தமாகும் முறை

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு கொரோனாவைத் தடுக்க இலங்கை முழுவதும் ஊரடங்கு வந்தது. வடக்கிலுள்ள வன்னியில் காலபோக (மாரிமழைக்கால நெற்போக) அறுவடை பெரும்பாலும் முடிந்து நெல் வீட்டுக்கு வந்திருந்த காலம். அதனால் காணி உள்ள குடும்பங்கள் முதல் சில வாரங்களைச் சமாளித்தன. தவித்தது வேறு ஆட்கள்: காணியில்லாத நாட்கூலிகள், வாரக்கடன் கட்டிக்கொண்டிருந்த பெண் தலைமைத்துவக் குடும்பங்கள், கிளினிக் மருந்து முடிந்த முதியவர்கள், இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டிய சிறுநீரக நோயாளர்கள்.

பிறகு அரசு 5,000 ரூபாய் கொடுப்பனவை அறிவித்தது. சமுர்த்தி என்ற வறியோர் உதவித்திட்டத்தின் பட்டியலும் அதில் சேரக் காத்திருப்போர் பட்டியலும்தான் அதற்கு அடி. எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவர்கள் அலுவலக வாசலில் நின்று தம்மை நிரூபிக்க வேண்டியிருந்தது. கூட்டம் கூடக்கூடாத நேரத்தில் அந்த வாசல்களில் கூட்டம் கூடியது. நெருக்கடி தொடங்கிய பிறகு எழுதும் பட்டியலில், சத்தமாகக் கேட்கிறவரின் பெயர்தான் முதலில் ஏறும். படுக்கையில் கிடப்பவரின் பெயர் கடைசியில் ஏறும், அல்லது ஏறாமலே போகும். ஆகவே ஒரு கிராமம் முன்கூட்டிச் செய்யக்கூடிய வேலைகளில் முதலாவது பட்டியல். அது சரியாக இருந்தால் மற்ற வேலைகள் அதன்மேல் நிற்கும்.

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம், கிராம அலுவலர் ஆகியோருக்காக எழுதப்பட்ட வழிகாட்டி இது. கணக்குகள் எல்லாம் ஏறத்தாழ 300 குடும்பங்கள் உள்ள ஒரு கிராம அலுவலர் பிரிவுக்கு. உங்கள் பிரிவின் அளவுக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குழு

புதிதாக ஒரு குழு அமைக்க வேண்டாம். பிரிவுகளில் கிராம அனர்த்த முகாமைத்துவக் குழு என்று ஒன்று ஏற்கெனவே இருக்கும். பல இடங்களில் கூட்டக் குறிப்பில் மட்டும் இருக்கும். அதையே எழுப்புங்கள். கிராம அலுவலர், சமுர்த்தி உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவிச்சி), பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பாடசாலை அதிபர், சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) முகாமையாளர், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் நிர்வாகங்களிலிருந்து ஒவ்வொருவர், மாற்றுத்திறனாளிகளில் ஒருவர். இந்தக் கடைசி ஆளை விட்டுவிடாதீர்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எந்த ஒழுங்கை மழைக்கு மூடும் என்பது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் வேண்டும், இருவரும் வெவ்வேறு வீட்டுக்காரராக இருக்க வேண்டும். தொற்றுநோய்க் காலத்தில் குழுக்கள் குலையும் முதல் இடம் இதுதான்: பொறுப்பாளர் ஒருவர் தனிமைப்படுத்தப்பட்டால் சாவி, கொப்பி, தொலைபேசி எண்கள் எல்லாம் அவரோடு அடைபட்டுவிடும். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தாலும் இதே கதைதான்.

யாருக்கு எந்த அதிகாரம் என்பதையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். வீட்டைத் தனிமைப்படுத்துவதும் விடுவிப்பதும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொறுப்பு. 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம் இன்றும் அதற்கு அடிப்படை. நிவாரணம் பிரதேச செயலகத்தின் வழியாக வரும். வெள்ளம், புயல் போன்றவற்றின் ஒருங்கிணைப்பு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் நடக்கும். ஊரடங்கு நேரப் பயண அனுமதி பொலிஸ் நிலையத்தில். இது தெரியாமல் சனம் நான்கு இடங்களுக்கு அலைவதுதான் வழமை. அடைபட்ட வீட்டின் அடுப்பை யார் பார்ப்பது என்ற கேள்வி மட்டும் எந்த அலுவலகத்துக்கும் முழுதாகச் சேராது. அதைக் கிராமமே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும்.

பட்டியல் எடுக்கும் முறை

வன்னியில் பதிவு என்றாலே சனத்துக்குப் பயம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. போருக்குப் பிறகு எத்தனையோ தடவை எத்தனையோ பேர் படலைக்கு வந்து குடும்ப விபரம் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனவே இந்தப் பட்டியலை எடுப்பவர் அதே ஒழுங்கையில் வாழும், எல்லோருக்கும் தெரிந்த ஆளாக இருக்கட்டும். சீருடை அணிந்த எவரும் கூடப் போகக்கூடாது. கடந்த கால விபரம், அமைப்புத் தொடர்பு, வெளிநாட்டு உறவினர், வங்கிக் கணக்கு, வருமானத் தொகை எதையும் கேட்காதீர்கள். என்ன கேட்கப்போகிறோம், தாள் யாரிடம் இருக்கும், எதற்குப் பயன்படும் என்பதை ஒரு பொதுக்கூட்டத்தில் முதலில் வாசித்துக் காட்டுங்கள். இந்தக் கூட்டத்தைத் தவிர்த்தால் பாதி வீடுகள் பாதி உண்மைதான் சொல்லும்.

இரண்டு தாள்கள். முதலாவது வீட்டுத்தாள்: ஒழுங்கை, வீட்டின் அடையாளம், உண்மையில் இப்போது அங்கே உறங்கும் ஆட்களின் எண்ணிக்கை, 5 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் எத்தனை பேர், நாட்கூலியில் மட்டும் வாழும் குடும்பமா, கிணறு, மலசலகூடம், தொலைபேசி, எந்த மொழியில் வாசிப்பார்கள், வாகனம் உண்டா. இரண்டாவது நோயாளர் தாள்: தொடர் மருந்து, இன்சுலின், இரத்தச் சுத்திகரிப்பு நாட்கள், பிரசவத் திகதி, முள்ளந்தண்டு பாதிப்பு, கதீற்றர், செயற்கைக் கால், மனநல மருந்து. இந்த இரண்டாவது தாள் குடும்பநல உத்தியோகத்தரிடம் மட்டும் இருக்க வேண்டும். குழுவுக்கு அதிலிருந்து தேவைப்படுவது ‘இந்த வீட்டுக்கு செவ்வாயும் வெள்ளியும் வாகனம் வேண்டும்’ என்ற ஒரு வரி. நோயின் பெயர் தேவையில்லை. நோய்ப்பெயர் வெளியே போனால் அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

பத்துத் தொண்டர்கள், ஆளுக்கு 30 வீடுகள் என்று பிரித்தால் இரண்டு வார இறுதிகளில் முடியும். வாக்காளர் இடாப்பைப் பார்த்து எழுதினால் வேலை சுகம், ஆனால் பட்டியல் பிழைக்கும். இடாப்பில் இருப்பவர்களில் சிலர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள்; ஊரில் இருப்பவர்களில் சிலர் இடாப்பில் இல்லை. விடுபடக்கூடியவர்களைப் பெயர் சொல்லித் தேடுங்கள்: ஒரே வளவுக்குள் கொட்டில் போட்டு இருக்கும் இரண்டாவது குடும்பம், தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி ஆவணம் முடியாமல் இருப்போர், பதிவு வேறு பிரிவிலும் வாழ்க்கை இங்குமாக இருப்போர், அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் தங்கி வேலை செய்வோர், ஆடைத் தொழிற்சாலைக்காக அறை எடுத்திருக்கும் பிள்ளைகள், நாயாறு, கொக்கிளாய் போன்ற கரைகளில் பருவத்துக்கு வந்து வாடி (தற்காலிகக் குடில்) போடும் மீனவர். பருவத்துக்கு வருவோர் பற்றிக் கரையோர ஊர்களில் கசப்பு இருப்பது உண்மை. அந்தப் பிணக்கு அதன் இடத்தில் இருக்கட்டும். வாடியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கிராமத்துக்குத் தெரியவேண்டும், அவருக்கும் கஞ்சி போகவேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு தடவை திருத்துங்கள்: புரட்டாதியில் மாரிக்கு முன்னும், காலபோக அறுவடை முடிந்த பின்னும். வீட்டுத்தாளுக்கு மூன்று பிரதிகள் கடதாசியில் இருக்கட்டும், பொலித்தீன் உறையில். மின்சாரமும் சிக்னலும் இல்லாத இரவில் தொலைபேசிக்குள் இருக்கும் பட்டியல் உதவாது.

நோயாளரும் வழியும்

தொடர் மருந்து எடுப்பவர்களுக்குக் குறைந்தது 14 நாள் மருந்து எப்போதும் கையில் மிஞ்சியிருக்க வேண்டும். கிளினிக் திகதிக்கு முதல்நாள் குளிசை தீர்ந்துபோகிற மாதிரியே பலர் வாழ்கிறார்கள். இதைக் கிளினிக்கில் முன்கூட்டியே பேசுங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து வீட்டில் வையுங்கள். ஊரடங்கில் தொண்டர் ஒருவர் உங்களுக்காக மருந்து எடுக்கப் போனால் அந்தத் தாள்தான் அவரிடம் இருக்கும் அத்தாட்சி. இன்சுலினுக்குக் குளிர்ச்சி வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணல் நிரப்பிய பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, மருந்தைப் பொலித்தீனில் சுற்றி அதற்குள் வைக்கலாம். மணல் எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும், பானை நிழலில் இருக்கவேண்டும். உறையவைத்த பனிக்கட்டியோடு ஒட்டி வைத்தால் இன்சுலின் கெட்டுவிடும்.

வாகனங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்: ஓட்டோ, வான், உழவு இயந்திரம், படகு, சாரதி பெயர், இரவில் வருவாரா, எரிபொருள் எவ்வளவு இருப்பில் வைத்திருப்பார். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்று பெற்ற பாடம் இங்கே முக்கியம்: வாகனம் இருந்தும் பெற்றோல் இல்லாமல் பயணங்கள் நின்றன. நோயாளர் பயணத்துக்கும் குடும்பநல உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிளுக்கும் முன்னுரிமை எரிபொருள் தரும்படி பிரதேச செயலகத்திடம் அமைதிக் காலத்திலேயே எழுத்தில் கேட்டு வையுங்கள். பெற்றோலைக் கானில் நிரப்பி வீட்டுக்குள் வைக்காதீர்கள். அது தீ விபத்துக்கு வழி.

1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், ஆனால் வழி இருந்தால்தான் வரும். பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 வீதியில் வட்டுவாகல் பாலம் வெள்ளத்தில் மூடப்படக்கூடியது. அப்படியான பாலம், குளத்து வான் (மிகைநீர்) பாயும் இடம், தாம்போதி (வெள்ளம் மேலோடும் வீதித் தாழ்வு) எல்லாவற்றையும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் மாற்றுவழியும் எழுதுங்கள். பிரசவம் நெருங்கிய தாயை, மழை எச்சரிக்கை வந்த அன்றே பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவதே சரி.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஒக்சிசன் வீதத்தைப் பார்க்கும் ஒக்சிமீற்றர் பிரிவுக்கு இரண்டு போதும். கையைச் சூடாக்கி, நகப்பூச்சை அழித்து, ஆளை ஐந்து நிமிடம் இருக்க விட்டு, எண் நிலைத்த பிறகு வாசிக்க வேண்டும். 94இற்குக் கீழ் என்றால் வைத்தியருடன் பேசுங்கள். 90இற்குக் கீழ் என்றால் உடனே ஏற்றுங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம். எண் நன்றாக இருந்தும் ஆள் மூச்சு வாங்கினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

நெல்லும் கையிருப்பும்

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், சீனி 15 கிராம், உப்பு 5 கிராம். நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு 14 நாளைக்கு ஏறக்குறைய 22½ கிலோ அரிசியும் 3½ கிலோ பருப்பும் ஆகும். பட்டியலில் கையிருப்பே இல்லாத வீடுகள் 40 என்று வைத்துக்கொண்டால் 900 கிலோ அரிசி. குற்றும்போது 65 வீதம் அரிசி கிடைக்கும் என்று பார்த்தால் இது ஏறத்தாழ 1,400 கிலோ நெல், அதாவது 67 புசல். காலபோக அறுவடையில் 67 கமக்காரர் ஆளுக்கு ஒரு புசல் கொடுத்தால் நிரம்பிவிடும். கூட்டுறவுச் சங்கத்தின் அல்லது கமக்காரர் அமைப்பின் களஞ்சியத்தில் வையுங்கள்.

இந்தக் கையிருப்பு கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று ஈரம்: நெல்லை 14 வீத ஈரப்பதனுக்குக் கீழே காயவைக்காமல் கட்டுவது, மூடையை நேரே சீமெந்துத் தரையில் அடுக்குவது. தரையிலிருந்து அரை அடி உயரத்தில் மரச்சட்டம், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்கு. மற்றது, யாரும் தொடாமல் விடுவது. ஒவ்வொரு காலபோகத்திலும் பழைய நெல்லை விற்று அல்லது கடனாகக் கொடுத்து, புதியதை ஏற்ற வேண்டும். தொடாத நெல்லை எலி தொடும். எலி வந்தால் எலிக்காய்ச்சலும் பின்னால் வரும். வெள்ளத்துக்குப் பின் வயலில் இறங்குவோர் தடுப்பு மருந்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்க வேண்டும்.

விதைநெல் இதில் சேராது. ஏக்கருக்கு 2 புசல் கணக்கில், 13 வீத ஈரப்பதனில், தனி மூடையில். பசி வந்தால் முதலில் உண்ணப்படுவது விதைநெல்தான். அடுத்த போகமும் அதோடு போய்விடும்.

மரக்கறியும் மீனும் எதிர்த்திசைப் பிரச்சினை: தம்புள்ளை மொத்தச் சந்தை மூடினால் ஊரில் அழுகும், அடுத்த பிரிவில் தட்டுப்பாடு இருக்கும். அயல் பிரிவுகளோடு ‘உங்கள் மீன், எங்கள் கத்தரிக்காய்’ என்ற ஒழுங்கைச் சங்கக்கடை மூலம் முன்பே பேசி, விலை நிர்ணய முறையையும் எழுதி வையுங்கள்.

கிணறு, தொற்றுநீக்கல்

வெள்ளம் ஏறிய கிணற்றை முதலில் இறைத்துச் சேற்றை அகற்றுங்கள். நீர் ஊறிய பின் கணக்கு: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 0.785. எல்லாம் மீற்றரில். 3 மீற்றர் விட்டம், 2 மீற்றர் நீர் என்றால் 14 கன மீற்றர். 30 வீதக் குளோரின் தூளில் கன மீற்றருக்கு 165 கிராம் போட்டால் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரும். இந்தக் கிணற்றுக்கு 2.3 கிலோ. தூளை வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் ஊற்றுங்கள். 12 மணிநேரம் யாரும் அள்ளக்கூடாது. பிறகு மணம் போகும்வரை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்த பின்பே குடியுங்கள். திறந்து வைத்த பழைய தூள் வீரியம் இழந்திருக்கும். மாரிக்கு முன் புதிதாக வாங்கி, மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில் வையுங்கள்.

குளோரின் கிருமியைக் கொல்லும். கல்சியத்தையோ புளோரைட்டையோ எடுக்காது. சிறுநீரக நோய் உள்ள ஊர்களில் சுத்திகரிப்பு நிலையத்து நீரையே நம்பியிருப்பவர்களுக்கு மின்தடை நாளுக்கென்று மூடிய தாங்கியில் தனியாகச் சேமிப்பு வேண்டும்.

2020இல் வீதிகளுக்கும் மதில்களுக்கும் மருந்து விசிறியதில் நிறையப் பணமும் உழைப்பும் போனது. உலக சுகாதார அமைப்பு அந்த மே மாதமே அதில் பயனில்லை என்றும், ஆட்கள்மேல் விசிறுவது தீங்கு என்றும் சொன்னது. அந்த நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றில் பரவியது. யன்னலைத் திறப்பது, கூட்டத்தை மரநிழலுக்கு மாற்றுவது, முகக்கவசத்தை மூக்கை மூடிப் போடுவது ஆகியவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை. கைபடும் இடங்களைத் துடைக்க, 5 வீத வெளிறல் (பிளீச்) திரவம் 20 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் நீரில் கலந்தால் போதும். அன்றன்று கலக்க வேண்டும். அமிலம் உள்ள மலசலகூடக் கழுவியோடு ஒருபோதும் கலக்கக்கூடாது, நச்சு வாயு வரும்.

இரண்டு ஆபத்து ஒன்றாக வந்தால்

2020 டிசெம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது, கொரோனா இரண்டாம் அலையின் நடுவில். போர்க்காலம் எங்கள் சனத்துக்குக் கற்றுக்கொடுத்தது சேர்ந்து நகரவும் சேர்ந்து இருக்கவும்தான். தொற்றுநோய் கேட்பது விலகி இருக்க. இரண்டையும் ஒரே பாடசாலை மண்டபத்தில் செய்ய முடியாது.

கணக்கைப் பாருங்கள். இடைத்தங்கல் முகாமில் ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் வேண்டும். 20 அடிக்கு 60 அடி மண்டபம் 111 சதுர மீற்றர்: 31 பேர். நூறு பேரை அடைத்துப் பழகிய மண்டபம் அது. 20 பேருக்கு ஒரு மலசலகூடம், ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் நீர். ஆகவே இடைத்தங்கல் என்று குறித்துள்ள இடங்களை மூன்று மடங்காக்குங்கள்: முன்பள்ளி, சனசமூக நிலையம், கோயில் மடம், நெற்களஞ்சியம், கல்வீடு வைத்திருக்கும் உறவினர். காய்ச்சல் உள்ளவர்களுக்கு யன்னல் உள்ள தனி அறையும், அதற்கு வெளியிலிருந்து நேரே போகும் வாசலும் வேண்டும். அரைச்சுவர்க் கட்டடம் தொற்றுக்கு நல்லது, புயலுக்கு ஆகாது. எந்த ஆபத்துக்கு எந்தக் கட்டடம் என்று பிரித்து எழுதுங்கள்.

இறந்தவர்கள்

இதைப் பேச யாரும் விரும்புவதில்லை, ஆனால் பேசாமல் விட்டதன் விலையை நாடு கண்டது. உலக சுகாதார அமைப்பு அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்திருந்தும், 2020 ஏப்ரலில் இலங்கை தகனத்தைக் கட்டாயமாக்கியது. முஸ்லிம் குடும்பங்கள் பட்ட வேதனைக்கு 2021 பெப்ரவரியில்தான் முடிவு வந்தது. அடுத்த வாரமே, அடக்கத்துக்கு கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவு என்று அறிவிக்கப்பட்டது. 1992இல் இடம்பெயர்ந்து 2018இல் தாங்களாகவே படகேறித் தீவுக்குத் திரும்பிய மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. எதிர்ப்புக்குப் பின் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கங்கள் நடந்தன. 2024இல் அரசு கட்டாயத் தகனத்துக்கு மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது.

உங்கள் பிரிவில் எல்லாச் சமயத்தவரின் மயானங்களையும் நீர்மட்டத்தையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் இப்போதே பாருங்கள். தொற்றுக் காலத்தில் எத்தனை பேர் போகலாம், யார் தூக்குவார், முகம் பார்க்க எப்படி வழி செய்வது என்பதை மதத் தலைவர்களோடு பேசி எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். மேலிருந்து கட்டளை வரும்போது கையில் அந்தத் தாள் இருந்தால், ஊர் எதிர்த்துப் பேசவும் முடியும், மாற்றுச் சொல்லவும் முடியும்.

செய்தியும் பாடமும்

தகவல் ஒரே வாயால் வரவேண்டும். எங்கள் தெரிவு குடும்பநல உத்தியோகத்தர்: பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர் சொன்னால் படலை திறக்கும். கோயில், தேவாலய ஒலிபெருக்கியில் ஒரே நேரம், ஒரே வாசகம், நாளுக்கு ஒரு தடவை. வட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவுகளுக்கு அன்றைய அறிவிப்பிலேயே பதில் சொல்லுங்கள். சுற்றறிக்கை சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் கேட்டு எழுதுங்கள். வடக்கின் நிர்வாக மொழி தமிழ், இது அரசியலமைப்பில் உள்ளது. மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் இருமொழி தெரிந்த ஒருவரையும் குழுவில் வைத்திருங்கள்.

பாடசாலை மூடினால் இணையவழி வகுப்பு எட்டாத பிள்ளைகளுக்குக் கடதாசிப் பயிற்சித்தாள்தான் வழி. வாரம் ஒரு கட்டு, சங்கக்கடைச் சாமான்களோடு போகட்டும். முடித்த தாள் அதே வண்டியில் திரும்பட்டும்.

ஒத்திகை

ஐப்பசி மழைக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை போதும். முன்னறிவித்தலின்றி பட்டியலிலிருந்து ஐந்து வீடுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொதி போய்ச் சேர எத்தனை மணிநேரம் என்று பாருங்கள். தொலைபேசி எண்கள் எல்லாவற்றையும் அழையுங்கள்; மாறிப்போனவை நிச்சயம் இருக்கும். களஞ்சியச் சாவியை இரண்டாவது ஆளிடம் கேளுங்கள். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1990 அம்புலன்ஸ், 1926 மனநல உதவி ஆகிய எண்கள் ஒவ்வொரு வீட்டுக் கதவின் உட்பக்கமும் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

நிவாரணக் கொப்பியில் திகதி, பொருள், அளவு, கொடுத்தவர், பெற்றவர் கையொப்பம், கிடைக்காதவர் பெயர், கிடைக்காத காரணம் என ஏழு நிரல்கள் இருக்கட்டும். கடைசி இரண்டும் பெரும்பாலான கொப்பிகளில் இருப்பதில்லை. அடுத்த முறை பட்டியலைத் திருத்த உதவுவது அவைதான். பிரிவுக்கு ஒதுக்கிய பணமும் பொருளும் எவ்வளவு என்று தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணிநேரம். விண்ணப்பத்தின் பிரதியையும் பெற்றுக்கொண்டதற்கான சீட்டையும் அதே கொப்பியில் ஒட்டிவையுங்கள்.